என் கோப்பு திறக்கப்பட்ட வருடம்

பல்கலைக்கழகத்தில் மூன்றாவது தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் நான் வகுப்புகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முடிவெடுத்து நிறுத்தவில்லை. ஒரு நாள் விரிவுரை மண்டபத்தின் கதவு வரை போய்க் கைப்பிடியைப் பிடித்தேன், திறக்க முடியவில்லை. உள்ளே பேராசிரியரின் குரல் கேட்டது. கதவுக்கு வெளியே, சுவரோரமாகச் சூடு வரும் இடத்தில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் அந்தக் கட்டடத்துக்கே போகவில்லை. மெத்ரோ ரயிலில் கடைசி நிலையம் வரை போய், இறங்கி, எதிர்ப்பக்க மேடைக்கு நடந்து, திரும்பி வந்தேன். அந்தக் குளிர்காலம் அப்படித்தான் கழிந்தது. காலையில் புத்தகப் பையோடு வீட்டை விட்டுப் புறப்படுவேன், இருட்டியதும் திரும்புவேன். "சாப்பிட்டியே?" என்று அம்மா கேட்பார். "ஓம்" என்பேன்.

நாங்கள் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை. நாங்கள் எழும்புமுன் போய்விடுவார். அம்மா ஒரு கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்தார். அக்கா லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போனது நான் மட்டும்தான். நான் போகவேண்டும் என்பதற்காகத்தான் அக்கா பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரிப் படிப்போடு நிறுத்தினாள். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

மாணவர்களுக்கான மருத்துவ நிலையத்துக்கு நான் போனது தலையிடிக்கு மருந்து கேட்டு. அங்கிருந்த வைத்தியர் வயதான பெண்மணி. தலையிடியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, அதே குரலில், சாக வேண்டும் என்று நினைப்பதுண்டா என்று பிரெஞ்சில் கேட்டார். தெரியாது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அன்று நான் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது அடுத்த நோயாளி காத்திருந்து போயே விட்டிருந்தான்.

எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு, அது ஒரு நோய், மருந்து உண்டு என்றார் வைத்தியர். மருத்துவக் காரணம் காட்டித் தவணையிலிருந்து விலகலாம், அப்படி விலகினால் பாடங்களில் பூச்சியம் விழாது என்றும் சொல்லித் தந்தார். சான்றிதழை எழுதி உறையிலிட்டுக் கொடுக்கும்போது கேட்டார்:

"வீட்டில் சொல்வாயா?"

"இல்லை."

"சொன்னால் நல்லது. ஆனால் நீ வளர்ந்த பெண். நீ சொல்லாமல் யாருக்கும் இது தெரியவராது."

மாணவர் பதிவு அலுவலகத்தில் உறையை வாங்கிய இளைஞனும் அதையேதான் சொன்னான். அம்மா அப்பா தொலைபேசியில் கேட்டாலும், நேரில் வந்து நின்றாலும், என் கையெழுத்து இல்லாமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள், அது சட்டம். நான் அதை நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் அந்த உறையைக் கொடுத்தேன்.

அந்த நேரம் அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிகிற கட்டத்தில் இருந்தது. மாப்பிள்ளை ரொறன்ரோவில். இருவரும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய தாய் தகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, என் படிப்பைப் பற்றியும் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். திகதி வைப்பதுதான் மிச்சம். கலியாணம் முடியட்டும், பிறகு எல்லாவற்றையும் சொல்லுவோம் என்று நினைத்தேன். வைத்தியர் தந்த குளிசைகளை என் பழைய குளிர் அங்கியின் பைக்குள் வைத்திருந்தேன். பகலில் பல்கலைக்கழகம் போகாமல் வீட்டிலிருந்து தூரமாக ஒரு தெப்பானரில், பாலும் சிகரெட்டும் லொத்தர் சீட்டும் விற்கிற மூலைக்கடையில், காசு வாங்கும் இடத்தில் நின்றேன். மெல்ல மெல்ல நித்திரை வந்தது. சாப்பாட்டில் உப்பும் புளியும் தெரியத் தொடங்கின. நான் உண்மையாகவே தேறிக்கொண்டிருந்தேன். இப்போது அதை யோசிக்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தடிமன் என்று சொல்லி நான் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. கோயிலிலிருந்து அம்மா வழமையைவிட முந்தி வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பனி கரைந்து தரையில் ஒழுக, அக்காவும் நானும் படுக்கும் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ கம்பசுக்குப் போறேல்லையாம்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். "ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன? உண்மையோ, பொய்யோ?"

"அம்மா, ஆர் சொன்னது?"

"குளிசை போடுறியாம்." அம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. பக்கத்து அறையில் அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு விசர் எண்டு எழுதிக் கிடக்காம்."

"எங்கை எழுதிக் கிடக்கு?"

"கம்பசிலை."

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ மெத்ரோவில் என்னைக் கண்டிருக்கலாம், தெப்பானரில் கண்டிருக்கலாம் என்றெல்லாம் பயந்திருக்கிறேன். இது அப்படி வந்ததல்ல. நான் கொடுத்த உறைக்குள்ளிருந்து வந்தது.

அம்மா என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "சாகிறதுக்கு நினைச்சனியோ?" என்று கேட்டார்.

வைத்தியருக்குச் சொன்ன பதிலை அம்மாவுக்குச் சொல்ல முடியவில்லை. "இப்ப இல்லை" என்றேன்.

அம்மா என் தலையைப் பிடித்துத் தன் தோளோடு அழுத்தினார். அங்கியின் ஈரம் என் கன்னத்தில் பட்டது. அந்தப் பிடியிலேயே சொன்னார்: "அக்கான்ரை விசயம் முடியுமட்டும் வாய் திறக்காதை. அப்பாவுக்கும் சொல்லாதை. கடவுள் பார்ப்பார்."

ஆனால் விசயம் ஏற்கெனவே வாய் திறந்துவிட்டது. அம்மாவுக்கு அதைச் சொன்னவர் சொன்ன இடம் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்துச் சமையலறை. பூசைக்குப் பிறகு அங்கே தேநீர் கொடுப்பார்கள். அம்மாவை ஒரு மூலைக்கு அழைத்து, குரலைத் தணித்துத்தான் சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் குழாயடியில் இன்னொரு பெண் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் தங்கை ரொறன்ரோவில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அயல்.

தொலைபேசி வந்தது ஒரு வேலை நாள் மாலையில். அப்பாதான் எடுத்தார். நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். அப்பா சுவரைப் பார்த்தபடி, "ஓம்… ஓம்… விளங்குது… இல்லை, எனக்குத் தெரியாது… ஓம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முதலில் பார்த்தது அம்மாவைத்தான்.

"சின்னவளுக்கு என்ன வருத்தம்?"

என் நோயைப் பற்றி என் தகப்பன் அறிந்தது ரொறன்ரோவிலிருந்து வந்த அந்தத் தொலைபேசியில், முன்பின் இரண்டு தரம் மட்டும் கண்ட ஒரு மனிதரின் வாயால்.

அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். "என்னவாம் அப்பா?"

"அவைக்கு இனி விருப்பமில்லையாம்."

"ஏன்?"

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு அவருக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவள். ஆனால் அம்மா அழுதுகொண்டு, என்ன சொன்னார்கள் என்று அப்பாவை விடாமல் கேட்டார், அந்த அழுகையின் இடையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது: குடும்பத்தில் அப்படியொரு வருத்தம் இருக்கிறதென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாம், நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளையும் யோசிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்களாம்.

அக்கா கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு எங்கள் அறைக்குப் போனாள். நான் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை தானாக ஒரு வார்த்தை கதைப்பார் என்று அவள் சில நாள் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவள் அசையாமல் இருப்பாள். அவரிடமிருந்து அழைப்பு வரவே இல்லை. ஒரு நாள் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள்:

"அம்மாவுக்குச் சொல்லாட்டிப் பரவாயில்லை. எனக்கு ஏன் சொல்லேல்லை? நானும் நீயும் ஒரே அறைக்குள்ளைதானே கிடக்கிறம்."

அவள் மிச்ச உடுப்பையும் மடித்து அலுமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாப்பதற்கென்று அங்கே ஒரு அலுவலகம் இருந்தது, நீண்ட நடைகூடத்தின் கடைசியில், ஒரு சின்ன அறை. அங்கிருந்த அலுவலர் என் அம்மாவின் வயதுப் பெண். வெளியே பனிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே கம்பளிக் காலுறையோடு இருந்தார். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். என் பதிவுகளைப் பார்க்க யாருக்காவது எழுத்தில் அனுமதி கொடுத்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். கணினியில் ஒவ்வொரு கோப்பையும் யார் எப்போது திறந்தார்கள் என்பது பதிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்க்கலாம், ஆனால் நான் முறைப்பாடு எழுதித் தரவேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து என் பிழைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன்.

சில கிழமைக்குப் பிறகு கூப்பிட்டார்கள். அதே அறை, அதே பெண்.

"உங்கள் கோப்பை ஒரு ஊழியர் திறந்திருக்கிறார். அவருடைய வேலைக்கு அது தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. விசாரணை நடக்கிறது. பல்கலைக்கழகம் மனம் வருந்துகிறது."

"யார் அது?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அது அந்த ஊழியரின் தனிப்பட்ட தகவல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்குக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "இது கேட்பதற்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்," என்றார்.

அந்தப் பெயரை நான் தேட வேண்டியிருக்கவில்லை. பெயருக்கு உரியவர் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. படியில் அன்ரி ஒருவரும் அவருடைய கணவரும் நின்றார்கள். தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்துபவர் அன்ரி. கோயிலில் எனக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று என் தலைமுடியைப் பின்னிவிட்டவர். டவுண்ரவுனில் ஏதோ ஒரு ஒபிசில் வேலை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அவர்களைக் கண்டதும் அம்மாவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அன்ரி அங்கியோடு கதிரை நுனியில் இருந்தார். என்னோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றார். "தனியா ஒண்டும் வேண்டாம், இஞ்சை வைச்சே கதையுங்கோ," என்றார் அப்பா. அக்காவும் அறையிலிருந்து வந்து வாசற்கட்டையில் சாய்ந்து நின்றாள்.

"நான்தான் பிள்ளை," என்றார் அன்ரி. "நான்தான் பார்த்தனான். அம்மாவிட்டைச் சொன்னதும் நான்தான். வேறை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. மாதா அறிய அவவிட்டை மட்டும்தான்."

அன்ரி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்ப சின்னப்பிள்ளையள். இஞ்சைதான் படிச்சவன். இருதய வருத்தத்திலை செத்தவன் எண்டு எல்லாருக்கும் சொன்னம்."

"ஏனப்பா இப்ப அந்தக் கதை?" என்றார் கணவர்.

"விடுங்கோ, சொல்லப் போறன்." அன்ரி என்னை நேராகப் பார்த்தார். "அது பொய். அவன் தானாத்தான் செத்தவன். ஒரு வருசமா வகுப்புக்குப் போகேல்லை. சோதினை எழுதேல்லை. கம்பசுக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் எங்கட வீட்டை வந்து சோறு திண்டிட்டுப் போவான். எங்களுக்கு மட்டும்தான் தெரியாது. செத்தாப் பிறகு போய்க் கேட்டன், என்ரை தம்பிக்கு என்ன நடந்தது எண்டு. அப்பவும் சொல்ல ஏலாது எண்டவங்கள். பேந்து கடவுள் அதே இடத்திலை எனக்கு வேலை தந்தார். உங்கட பேரைக் கண்டன். பக்கத்திலை அந்த வருத்தத்தின்ரை பேர். நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கோ."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நேரம் அந்த மனுசி மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான் மெத்ரோவில் அங்கும் இங்கும் போன பகல்கள் நினைவுக்கு வந்தன. யாராவது என் தோளைத் தொட்டு என்ன என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுகூடத் தோன்றியது.

வாசலில் நின்ற அக்காதான் கதைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்ரி, உங்களுக்குத் தங்கச்சியை நல்லாத் தெரியும். கிழமைக்குக் கிழமை காணுறனீங்கள். ஏன் அவளிட்டைக் கேக்கேல்லை?"

"பிள்ளையள் உண்மை சொல்லாயினம்."

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

கணவர் தொண்டையைச் செருமினார். அவர் வந்தது வேறு காரியத்துக்கு. மனைவிக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை, முறைப்பாட்டை நான் திருப்பி வாங்கினால் அவரைத் தொடர்ந்து வைத்திருக்கக்கூடும், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அது அவளின்ரை விசயம். அவள்தான் முடிவெடுக்க வேணும்," என்றார் அப்பா. அவர் என் சார்பாகச் சொன்ன முதல் வசனம் அது.

அவர்கள் படியிறங்கிப் போனபின் அம்மா என்னை விடவில்லை. "செத்தவனை நினைச்சுச் செய்தது. கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை. அவவின்ரை வயித்திலை அடியாதை." நானும் இசைந்துவிட்டேன். திங்கட்கிழமை போய் முறைப்பாட்டைத் திருப்பி வாங்குகிறேன் என்றேன். அந்தத் தம்பியின் முகத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு மேசையில் அவன் உட்கார்ந்து சாப்பிடுவது போல ஒரு காட்சி என் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா தமிழ்க் கடைக்குப் போய்விட்டு வந்தார். மரக்கறிப் பையை வைத்தபடியே, முறைப்பாட்டைத் திருப்பி வாங்க எனக்கு இன்னும் தெம்பு வரட்டும் என்று நினைத்தோ என்னவோ, கடையில் கேட்டதைச் சொன்னார். எங்கள் விசயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. கடையில் இன்னொரு தாய் அன்ரிக்காகப் பரிந்து கதைத்திருக்கிறார்.

"அந்த மனுசி தெய்வமாம். அவ சொல்லியிருக்காட்டித் தங்கட பிள்ளை எங்கை போயிருக்குமோ எண்டு அழுதவ. பெட்டை வீட்டை விட்டுப் போய் ஆரோ ஒருத்தனோடை இருந்ததாம். எந்த வகுப்பு, எத்தினை மணிக்கு எண்டு இவதான் சொல்லிக் குடுத்தவவாம். தமையன் போய்க் கையோடை கூட்டிக்கொண்டு வந்திட்டானாம்."

எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். முதல் வருடம் ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவளுடையது. கெட்டிக்காரி. என் அளவீடுகள் பிழைத்தால் சத்தமில்லாமல் தன் தாளை என் பக்கம் தள்ளிவைப்பாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது நடைகூடத்தில் ஒரு ஆண் நின்றிருந்தான். அவனைக் கண்டதும் அவள் நின்றாள். கையிலிருந்த புத்தகங்களை என்னிடம் தந்தாள். ஏன் தந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஓடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. ஓடவில்லை. அவன் அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தபடியே போனாள். யாரோ வீட்டார் என்று நினைத்து நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், அங்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அவனுக்கு அந்த நடைகூடமும் அந்த நேரமும் எப்படித் தெரிந்தது என்று நாங்கள் வகுப்பில் பேசிக்கொண்டதுண்டு. பின்தொடர்ந்திருப்பான் என்று நினைத்தோம்.

"அம்மா, அந்தப் பெட்டை விருப்பப்பட்டே போனது?" என்று கேட்டேன்.

"அது தெரியேல்லை. தாய் சந்தோசமாத்தான் இருக்கிறா."

திங்கட்கிழமை தகவல் பாதுகாப்பு அலுவலகத்தின் அந்தச் சின்ன அறைக்குப் போனேன். திருப்பி வாங்கவில்லை. என்னுடையது மட்டுமாக இருக்காது, இன்னொரு பெண்ணும் இருக்கிறாள் என்று சொன்னேன். அலுவலர் பேனாவை எடுத்து அவளுடைய பெயரைக் கேட்டார். நாக்கு நுனி வரை வந்த பெயரை நான் நிறுத்தினேன். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி இன்னொரு அலுவலகத்தில், இன்னொரு மேசையில் சொல்வதா? அவளைக் கேட்பதென்றால் எங்கே போய்க் கேட்பது?

"என்னால் சொல்ல முடியாது," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "சரி. நாங்களே பார்க்கிறோம்."

பார்த்தார்கள். என்ன கண்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவை வேறொருவர் நடத்தினார். தமிழ்ப் பெயராகக் கண்ட கோப்புகளையெல்லாம் அன்ரி திறந்து பார்த்திருந்தார் என்று கதை வந்தது. யார் சோதனையில் தவறினார்கள், யார் பாடம் மாற்றினார்கள், யாருடைய முகவரி வீட்டு முகவரியாக இல்லை என்றெல்லாம். அவர் அதை வம்புக்காகச் செய்யவில்லை என்று நான் இன்றும் நம்புகிறேன். ஒவ்வொரு பெயரிலும் தன் தம்பியைத் தேடியிருக்கிறார். தேடித் தேடி, அந்த ஆய்வுகூடத்துப் பெண்ணை ஒரு முழங்கைப் பிடியில் ஒப்படைத்துவிட்டார். கோடை வருமுன் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஒன்ராறியோப் பக்கம் போய்விட்டார்கள்.

எங்கள் கோயில் பங்கு மக்களில், அன்ரி போனதற்காக எங்களை மன்னித்தவர்கள் குறைவு. தேநீர் நேரத்தில் அம்மா நிற்கும் இடத்தைச் சுற்றி மெல்ல ஒரு வெறுமை உண்டாகும். பாதர் ஒரு பிரசங்கத்தில் இரக்கத்தைப் பற்றிப் பேசியபோது பல தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. அடுத்த கிழமையிலிருந்து அம்மா எங்கள் தெருமுனையில் இருந்த பிரெஞ்சுக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அங்கே அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்காதது நிம்மதி என்றார். என்மேல் அவர் கோபப்பட்டுக் கத்தியதே இல்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல ஒரு மூச்சு விடுவார். அது கடைசிவரை மாறவில்லை.

அப்பா மட்டும் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் "குளிசை போட்டியே?" என்று கேட்பார், சாப்பிட்டியே என்று கேட்பதைப் போல. அந்த ஒரு கேள்விக்கு மேல் அவர் கேட்டதில்லை.

அக்கா அந்த இலையுதிர்காலத்தில் ரொறன்ரோவில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை இருந்த அதே நகரம்தான். அவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை, அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் பையை ஏற்றிய பிறகு என்னிடம் வந்து, "உன்னிலை எனக்குக் கோவமில்லை," என்றாள். நான் தலையாட்டினேன். "ஆனா உன்னோடை ஒரு வீட்டுக்குள்ளை இருக்க என்னாலை ஏலேல்லை. அதை நீ விளங்கிக்கொள்ளோணும்." விளங்கியது. பஸ் திரும்பும்வரை அவள் கண்ணாடிக்கு உள்ளே, என் பக்கம் திரும்பாமல், நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பவும் படிக்கப் போனேன். பதிவு செய்யும்போது, என்னைப் பற்றிய எந்தத் தகவலையும், நான் அங்கே படிக்கிறேன் என்பதைக்கூட, யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொள்ள வழியிருப்பதாக அந்த அலுவலர் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து யார் கேட்டாலும், நான் இல்லை. அந்த இல்லாமைக்குள் இருந்துகொண்டு மெதுவாக, கூட ஒரு வருடம் எடுத்து, முடித்தேன்.

பட்டமளிப்பு ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. அக்கா வரவில்லை, வேலை என்றாள். அப்பா தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு வந்தார். மேடையில் யாரோ என் பெயரை அடையாளம் தெரியாதபடி உச்சரித்தார்கள், நான் நடந்துபோய்க் கை குலுக்கிவிட்டு இறங்கினேன். வெளியே கூட்டத்துக்குள் அவர்களைக் கண்டுபிடித்தபோது, வாசலில் கொடுத்த புத்தகத்தை அப்பா விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பட்டம் பெறுகிறவர்களின் பெயர்கள் எல்லாம் துறைவாரியாக அதில் அச்சிட்டிருந்தன. என் துறையின் பக்கத்தில் அவருடைய விரல் மேலிருந்து கீழாகப் போனது. திரும்பவும் மேலே போனது.

"உன்ரை பேர் இல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாருக்கும் சொல்லாதே என்று நான் கேட்டதை அவர்கள் அச்சகம் வரை காப்பாற்றியிருக்கிறார்கள்.

"பரவாயில்லை அப்பா. வாங்கோ போவம்."

"விட்டிட்டாங்கள். மேடையிலை வாசிச்சவங்கள்தானே. சொன்னாத் திருத்துவாங்கள்."

"கேக்காதேங்கோ," என்றார் அம்மா. "இல்லாமலே இருக்கட்டும். ஆரும் பாக்கத் தேவையில்லை."

அப்பா அம்மாவின் சொல்லைக் கேட்கவில்லை. கறுப்பு அங்கியோடு நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஓரத்தில் உதவிக்கென்று போட்டிருந்த மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். அப்பா தன் கிடங்குப் பிரெஞ்சில், இது என் மகள், இங்கே படித்தவள், பெயர் இல்லை என்று சொல்லிப் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பெண் கணினியில் தட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, பழகிய ஒரு வசனத்தைச் சொல்வது போல, அப்பாவிடம் சொன்னாள்:

"மன்னிக்கவும் ஐயா. இந்தப் பெயரில் இங்கே ஒரு மாணவர் இருந்தாரா இல்லையா என்பதை எங்களால் சொல்ல முடியாது."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"சொல்ல ஏலாதாம்," என்று அம்மாவிடம் சொன்னார்.

நாங்கள் மூவரும் மெத்ரோவுக்கு நடந்தோம்.